அப்பா என்னும் விளி

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நூல். இயேசுநாதரும் அவருடைய சீடர்களும் பேசிய பாஷையோ அரமேயம்; ஆகவே அவருடைய வாய்மொழியாக நமக்குக் கிடைப்பன யாவும் பெரும்பாலும் ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்டு வந்த சொற்களே. ஆயினும் மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில், தம்முடைய மரணத்தை எதிர்நோக்கி அவர் கெத்செமனே தோட்டத்திலே தனித்திருந்து பிரார்த்தித்த இராத்திரியைக் கூறுமிடத்தில், எழுதியவர் தம் கிரேக்க நடையைச் சற்றே நிறுத்தி, அவர் கடவுளை அழைத்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, அதற்கு நேரான கிரேக்கச் சொல்லையும் அதன் அருகே எழுதிவைத்தார். பவுல் உரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களிலும் இதே இரட்டை காணப்படுகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் வருவது இந்த மூன்றே இடங்களில்தான். அந்தச் சொல் 'அப்பா' என்பது.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களும் அவ்விரட்டையைக் கைவிடாமல், முதலில் 'அப்பா' என்றும் பின்னர் 'பிதாவே' என்றும் அமைத்தார்கள். பிற மொழியினர் அவ்விடத்தை வாசிக்கும்போது ஓர் அந்நிய சப்தம் எதிர்ப்பட்டு ஒரு கணம் தயங்குவார்கள். தமிழனுக்குத் தயக்கமே இல்லை. அவனுக்கு அது வீட்டுச் சொல். அந்நியமாய்த் தோன்றுவதானால் அதை அடுத்துவரும் வடசொல்லே அந்நியமாய்த் தோன்றக்கூடும். அரமேயத்தில் அந்தப் பகரம் மெலிந்து ஒலிக்கும் என்பதும், அவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழ் நெடுங்கணக்கில் தனியெழுத்து இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அவ்வளவு சிறிய வேறுபாடு இந்த ஒற்றுமையைக் குலைத்துவிடாது.

இத்தகைய ஒற்றுமை கண்ணிற் பட்டவுடனே நம்மவரிற் பலருக்கு ஒருவகை உற்சாகம் பிறப்பது இயல்பு. எபிரேய வேதத்தில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து சென்றது என அறிஞர் பலர் கருதுவதால், அதே கப்பலில் 'அப்பா'வும் ஏறிச் சென்றிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். ஹங்கேரிய மொழியில் தந்தைக்குப் பெயர் 'அப்ப'. கொரிய நாட்டுக் குழந்தை தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைக்கிறது. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமே 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் எழுதி வெளியிட்டார். மயில் போன்ற ஒரு பொருள் ஒரு தேசத்திலில்லாது மற்றொரு தேசத்திலிருந்து செல்லும்போது, அதன் பெயரும் உடன் செல்வது நியாயம். தகப்பன் இல்லாத தேசம் எதுவும் இல்லாமையால் அவனுக்குரிய பெயரைக் கடல் கடந்து இறக்குமதி செய்யவேண்டிய அவசியம் ஒருவருக்கும் நேர்ந்திராது.

இந்த உற்சாகத்தை அடக்குவதற்கு ஜார்ஜிய மொழி ஒன்றே போதும். காகஸஸ் மலைச்சாரலில் வழங்கும் அம்மொழியில் 'மாமா' என்றால் தந்தை. தாய்க்கு 'தேதா' என்று பெயர். நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவ சமயத்தைத் தழுவிய அந்நாட்டார், இயேசு கற்பித்த ஜபத்தை இன்றளவும் 'மாமாவோ' என்று கடவுளை விளித்தே தொடங்குகிறார்கள். கோயிற் குருவையும் அப்படியே அழைக்கிறார்கள். உலகத்தின் பெரும்பகுதி தாய்க்கென்று ஒதுக்கிவைத்த ஒலியால் அவர்கள் பரமபிதாவைத் துதிக்கிறார்கள். அதே ஒலியால் நாமோ தாயுடன் பிறந்தவரை அழைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் வாழும் பழங்குடியினர் சிலரது மொழியிலும் 'மாமா' தந்தையே. ஜப்பானியரிடத்தில் நிலைமை இதற்கு மறுதலை. தாயைக் குறிக்கும் 'ஹஹ' என்ற அவர்களது சொல், பழைய காலத்தில் 'பப்ப' என்பதுபோல இதழ் சேர ஒலித்தது என்று மொழிநூலார் கொள்வர். அதற்குச் சான்றாக அந்நாட்டில் 16ஆம் நூற்றாண்டில் வழங்கிய ஒரு விடுகதையையும் காட்டுவர். தாயிடத்தில் இரண்டு முறை சந்திப்பது, தந்தையிடத்தில் ஒரு முறையும் சந்தியாதது எது என்பது கேள்வி. உதடுகள் என்பது விடை. இன்று 'ஹஹ' என்று சொல்பவனுக்கு உதடுகள் சந்திப்பதே இல்லையாதலால், பழைய உச்சரிப்பு தெரியாதவனுக்கு அந்த விடுகதையே விளங்காது.

ஆக, ஒலி ஒன்று, பொருள் வேறு. பொருள் ஒன்று, ஒலி வேறு. எனினும் முழுக்குழப்பமும் இல்லை. ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற மானிடவியலார் உலகெங்குமுள்ள சமூகங்களிலிருந்து தாயைக் குறிக்கும் 531 சொற்களையும் தந்தையைக் குறிக்கும் 541 சொற்களையும் திரட்டினார். அவற்றுள் தாய்ப்பெயர்களில் நூற்றுக்கு 55 மெல்லின ஒலியைக் கொண்டிருக்க, தந்தைப்பெயர்களில் நூற்றுக்கு 15 மட்டுமே அவ்வாறு இருந்தன. இதற்குக் காரணம் கூறவந்த ரோமன் யாக்கப்ஸன் என்ற பேரறிஞர் 1960இல் வெளியான தம் கட்டுரையில், சிசுவின் தொட்டிலுக்கே நம்மை அழைத்துச் செல்கிறார். முலைக்காம்பில் இதழ் பொருந்தி வாய் நிறைந்திருக்கும் வேளையில் குழந்தை எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியாக வரும் முனகல் ஒன்றே. பின்னர்ப் பாலைக் கண்டாலும், பால் தருபவளைக் கண்டாலும், வேண்டியது ஏதேனும் கிட்டாதபோதும் அம்முனகல் நினைவாக எழுந்து, வாய் திறந்ததும் மகரமும் அகரமுமாக விரிகிறது. அடைத்த இதழ் திறந்தால் அகரம், மூடினால் பகரமோ மகரமோ. இதைவிட எளிதான உச்சாரணம் மனித வாய்க்கு இல்லை. பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன என்பதைத் தொல்காப்பியரும் பிறப்பியலிற் குறித்தார்.

இந்த விளக்கத்தைச் சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் இதைக் கேட்ட மாத்திரத்தில் விஷயம் முடிந்துவிட்டதாகச் சிலர் எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் தத்துவ விசாரம் ஆரம்பமாவது இதற்குப் பிறகுதான்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்பது நம் நாட்டுத் தரிசனங்களில் மிகப் பழைய வழக்கு. அது இயற்கையானது, நித்தியமானது, யாரும் உண்டாக்கியதன்று என்பது ஜைமினியின் வழிவந்த மீமாம்சகர் கட்சி. அது சங்கேதம், இச்சொல்லால் இப்பொருள் அறியப்படுக என்ற ஈசுவர இச்சையே அதற்கு மூலம் என்பது நையாயிகர் கட்சி. கிரேக்க தேசத்திலும் பிளேட்டோ தம்முடைய 'கிராட்டிலஸ்' என்ற சம்வாதத்தில் ஏறக்குறைய இதே இரு கட்சிகளையும் எதிரெதிரே நிறுத்தினார். ஆனால் குழந்தை மொழி கற்கும் விதத்தைச் சொல்ல வரும்போது எல்லாரும் ஏறத்தாழ ஒரே சித்திரத்தைத்தான் வரைகிறார்கள். பெரியவர் ஒருவர் மற்றொருவரைப் பார்த்துப் பசுவைக் கொண்டுவரச் சொல்லுகிறார், அவர் கொண்டுவருகிறார், அருகிலிருந்து கவனிக்கும் பாலன், பலமுறை பார்த்துப் பார்த்து, இன்ன ஒலிக்கு இன்ன பொருள் என்று தெளிகிறான். விருத்த வியவகாரம் என்று நம் சாஸ்திரங்கள் கூறுவது இதுவே. நாலாம் நூற்றாண்டில் பிறந்த அகஸ்தீன் முனிவரும், பெரியவர்கள் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லக் கேட்டே தாம் பேசக் கற்றதாகத் தம் சுயசரிதத்தில் எழுதினார். பெரியோர் ஆசான், சிசு மாணாக்கன், சந்தேகமென்ன?

'பசு' என்ற சொல்லுக்கு அது பொருந்தும். 'அப்பா'வுக்குப் பொருந்தாது. இங்கே ஒலியை உண்டாக்கியவன் குழந்தை. அவ்வொலியில் ஒன்றையும் அவன் கருதவில்லை. தொட்டிலருகே குனிந்து நிற்கும் தகப்பன்தான் அது தன்னையே கருதியது என்று கொள்ளுகிறான், மகிழுகிறான், திரும்ப அதையே சொல்லிக் காட்டுகிறான், ஓடிவந்து தூக்குகிறான். இப்படிப் பலநாள் நிகழ்ந்தபின், கருதாமல் எழுப்பிய ஒலியைக் குழந்தை கருதி எழுப்பத் தொடங்குகிறது. அழைப்பு முந்தியது, பெயர் பிந்தியது. அழைப்பைப் பெயராக்கியவன் அழைக்கப்பட்டவன்.

இலக்கணமும் இதற்குச் சாட்சி கூறுகிறது. அப்பன் என்பது பெயர், அப்பா என்பது அதன் விளி. அம்மை என்பது பெயர், அம்மா என்பது அதன் விளி. இன்று நாமோ 'அப்பா வந்தார்', 'அம்மாவைக் கேள்' என்று விளியையே பெயராக வைத்து வேற்றுமையுருபும் ஏற்றிவிடுகிறோம். வேறு எத்தனையோ பெயர்களுக்கு விளியுருவம் பேச்சுவழக்கிலிருந்து தேய்ந்தொழிந்துகொண்டிருக்க, இம்முறைப்பெயர்களில் மட்டும் விளி பெயரை விழுங்கி நிற்கிறது. தொல்காப்பியர் விளிக்கென்று தனியே ஓர் இயல் வகுத்ததோடு, ஐகார ஈற்று முறைப்பெயர்கள் ஆகாரமாகவும் விளியேற்கும் என்று அவற்றுக்கெனச் சிறப்பு விதியும் கூறினார். பாணினியும் அவ்வாறே, தாயைக் குறிக்கும் அம்பா, அக்கா முதலியவை விளியில் குறுகும் என்று ஒரு சூத்திரம் செய்தார். அந்த அக்கா நம்மிடம் தமக்கையாகிவிட்டாள் என்பது வேறு கதை.

கெத்செமனேயிற் கேட்ட சொல்லுக்குத் திரும்புவோம். அது குழந்தைப் பேச்சு, மழலையில் தகப்பனை அழைக்கும் செல்லச் சொல்; அத்தகைய சொல்லால் கடவுளை அழைக்க அதுவரை யூதரில் யாரும் துணிந்ததில்லை என்ற கருத்தை ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் பரப்பினார். எண்ணற்ற பிரசங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் பார் என்பவர் 1988இல் இதனை மறுத்து, அக்காலத்து அரமேயத்தில் வளர்ந்த மக்களும் தம் தந்தையை அச்சொல்லாலேயே அழைத்தனர் என்று எடுத்துக்காட்டினார். தமிழனுக்கு இந்த விவாதம் சிறிது வியப்பாகவே இருக்கும். நரைத்த தலையோடு நிற்கும் மகனும் தொண்டுகிழவரான தகப்பனை 'அப்பா' என்றுதான் அழைக்கிறான். அதில் மழலையுமில்லை, மழலை முற்றும் நீங்கிவிட்டதாகவும் சொல்வதற்கில்லை.

பிற்காலத்தில் இச்சொல்லுக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. பூமியில் ஒருவரையும் பிதா என்று அழைக்கவேண்டாம் என்று இயேசு கற்பித்ததாக மத்தேயு எழுதியிருக்க, நாலாம் நூற்றாண்டிலே எகிப்து தேசத்துப் பாலைவனங்களில் தவம் செய்த துறவிகளை ஜனங்கள் 'அப்பா' என்றே அழைத்தார்கள். சிங்க்லெத்திக்கா முதலான தவப்பெண்டிரை 'அம்மா' என்றார்கள். அந்த அப்பாவே இலத்தீனில் 'அப்பாஸ்' ஆகி, மேற்கு நாட்டு மடாதிபதிகளின் பட்டமாயிற்று. அதற்கு உறவான மற்றொரு தொட்டிற் சொல், கிரேக்கக் குழந்தைகள் தந்தையை அழைத்த 'பாப்பா'. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஆயருக்கு அது மரியாதைப் பெயராய் வழங்கியது. பின்னர் மேற்கு நாட்டில் உரோமாபுரி ஆயர் ஒருவருக்கே உரியதென்று 11ஆம் நூற்றாண்டில், ஏழாம் கிரகோரியார் காலத்தில், வரையறுக்கப்பட்டது. சக்கரவர்த்திகளை விலக்கிவைக்கவும் மன்னிக்கவும் அதிகாரம் கொண்டாடிய பீடத்துக்குப் பெயர் ஒரு மழலைச் சொல்! நம் தமிழ்க் கத்தோலிக்கர் அதனோடு அரசரைச் சேர்த்துப் 'பாப்பரசர்' என்றார்கள். தமிழில் பாப்பா என்பது கைக்குழந்தைக்குப் பெயராக இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தால் புன்னகை செய்திருக்கவும் கூடும்.

காத்தியருக்கு வேதத்தை மொழிபெயர்த்த உல்ஃபிலாஸ் என்ற ஆயரின் செய்கை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர்கள் மொழியில் தந்தைக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'ஃபாதர்' என்பது கம்பீரமான பழஞ்சொல். 'அத்தா' என்பது வீட்டுச் சொல். நமக்குக் கிடைத்துள்ள அவருடைய மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்க எங்கும் 'அத்தா'வையே ஆண்டிருக்கிறார். மற்றது ஒரே இடத்தில், கலாத்தியர் நிருபத்தில் அரமேய 'அப்பா'வுக்குப் பக்கத்தில் மட்டும் வருகிறது. வீட்டுச் சொல்லின் இடத்தை அங்கே ஏற்கெனவே ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது போலும். அத்தன் என்று சிவபெருமானைப் பாடியவர்களுக்கும், தகப்பனாரை அத்தா என்றழைக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் உல்ஃபிலாஸின் தேர்வு எளிதில் விளங்கும்.

இனி, கடவுளை இச்சொல்லால் அழைப்பது எதைக் காட்டுகிறது? மனிதன் தன் இயல்பையே பெரிதாக்கி வானத்தில் நிறுத்தி வணங்குகிறான் என்று 1841இல் ஃபாயர்பாக் எழுதினார். குழந்தைக்குத் தகப்பனிடமிருந்த பயமும் ஆசையுமே வளர்ந்தவனுக்குத் தெய்வமாகத் தோன்றுகின்றன என்று 1927இல் ஃபிராய்டு எழுதினார். எதிர்ப்பக்கத்தில், இத்தனை ஜாதியாரும் ஒரே ஒலியால் தந்தையை அழைப்பது ஆதியில் ஒரே பாஷை இருந்ததற்கும், அதைக் கடவுளே கற்பித்ததற்கும் அத்தாட்சி என்று சொல்லுவோரும் உண்டு. இவ்விரண்டாவது கட்சியை ஜார்ஜிய மொழி ஒன்றே கவிழ்த்துவிடும் என்பதைக் கண்டோம். அன்றியும், கடவுளைத் தந்தையென அழைப்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவுமன்று. இஸ்லாத்தில் ஓதப்படும் தொண்ணூற்றொன்பது திருநாமங்களுள் தந்தை என்பது இல்லை, அவன் பெற்றவனுமல்லன், பெறப்பட்டவனுமல்லன் என்பதே அவர்கள் சித்தாந்தம்.

ஃபிராய்டு முதலியோர் கட்சி அத்தனை எளிதாகக் கவிழாது. ஆயினும் அவர்கள் 'அப்பா'வை ஒரு வருணனையாகக் கொண்டே வாதிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கடவுள் தந்தையைப் போன்றவர் என்று சொல்வது வருணனை. அதை மறுக்கலாம், அது எங்கிருந்து பிறந்ததென்று காரணம் காட்டலாம். அழைப்பை அப்படி மறுக்க இயலாது. அதற்கு எதிர்க்குரல் வரலாம் அல்லது வராமலிருக்கலாம், அவ்வளவே. தொட்டிலில் எழுந்த ஒலி மெய்யா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. யாராவது வந்தார்களா என்றுதான் கேட்கிறோம். யாரும் வராவிட்டால் அது வெறும் ஒலியாகவே போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்பர் பாதுஷா சில சிசுக்களைப் பேச்சொலியே கேளாத மாளிகையொன்றில் வளர்க்கச் செய்து, 1582இல் போய்ப் பார்த்தபோது அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்று அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார்.

இந்தச் சிக்கலை நம் நாட்டிலே மிகவும் நுட்பமாக உணர்ந்தவர் 12ஆம் நூற்றாண்டிலிருந்த சேக்கிழார். சீகாழிக் குளத்தில் தந்தையார் நீருள் மூழ்கி அகமர்ஷண ஜபம் செய்துகொண்டிருக்க, கரையில் நின்ற மூன்று வயதுப் பிள்ளை அவரைக் காணாமல் நாற்புறமும் பார்த்து அழுது, தோணிபுரக் கோயிலின் சிகரத்தை நோக்கித் தாயையும் தந்தையையும் கூவியழைத்தது என்கிறார். பக்தியை வளர்க்க எழுந்த புராணத்தில், குழந்தை ஞானத்தாலேயே அப்படி அழைத்தது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் யார் தடுப்பார்? அவரோ, தன் பழைய சார்பை உணர்ந்துதான் அழைத்ததோ, அல்லது வெறும் பிள்ளைத்தன்மைதானோ என்று இரண்டையும் ஐயமாகவே வைத்து மேலே செல்லுகிறார். தீர்ப்பு அழைத்தவரிடத்தில் இல்லை; தோணியப்பரும் அம்மையும் வந்தார்கள், ஞானப்பால் ஊட்டினார்கள், அதன்பின் அக்கூவல் எதற்காக எழுந்தது என்ற கேள்வியே எழவில்லை. அந்தப் பிள்ளையே பின்னர், வயதில் மிக மூத்த திருநாவுக்கரசரைக் கண்டு அப்பர் என்று அழைத்ததும், அவருக்கு அதுவே பெயராய் நிலைத்ததும் நாம் அறிந்ததே.

இந்த விளிக்கு இன்னொரு குணமும் உண்டு. தமிழ்நாட்டில் தகப்பன் தன் மகனை 'வாப்பா' என்பான், மகளை 'வாம்மா' என்பான். வங்காளத்தில் மகனை 'பாபா' என்றும் மகளை 'மா' என்றும் அழைப்பர். அரபு வீடுகளில் தாய் தன் குழந்தையை 'மாமா' என்பாள். இது பெயராயிருந்தால் பெருந்தவறு. விளியாகையால் அழைத்தவர்க்கும் அழைக்கப்பட்டவர்க்கும் இடையே தடையின்றிப் போய்வருகிறது. காரைக்கால் அம்மையார் புராணத்தில் சேக்கிழார் இதனையும் கையாளுகிறார். தலையால் நடந்து கயிலை மலை ஏறிவந்த அந்த எலும்புருவத்தைக் கண்டு உமாதேவியார் வினவ, இவள் நம்மைப் பேணும் அம்மை என்று சிவபெருமான் விடை சொல்லி, தாமே முந்திக்கொண்டு 'அம்மையே' என்று அழைக்கிறார்; அம்மையார் 'அப்பா' என்று அடியில் விழுகிறார். தாயில்லாதவர் ஒருத்தியைத் தாய் என்றார். தாய் என்று அழைக்கப்பட்டவள் அவரையே தந்தை என்றாள். வருணனையாகக் கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கேட்ட இருவருக்கும் அதில் முரண்பாடு எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. வேண்டுவது யாது என்று பெருமான் வினவியபோது, தாய் என்ற உரிமையைக் கொண்டாடி அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. நீங்காத அன்பையும், பிறவாமையையும், பிறக்க நேர்ந்தால் மறவாமையையும் கேட்டு, அவர் ஆடும்போது திருவடியின்கீழ் இருந்து பாடிக்கொண்டிருக்கவேண்டும் என்றார்.